அன்று நான் வாயைப் பார்க்கவில்லை

2014 ஐப்பசி. கடைமுகத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. துலா ஸ்நானத்துக்கு வந்த கூட்டம் மாயவரம் முழுக்க. மணிக்கூண்டுப் பக்கம் பஸ்கள் நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றன. என் கிளினிக்கில் டோக்கன் அறுபதைத் தாண்டியிருந்தது. வெளிப் பெஞ்சில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தன் வலது தாடையில் முஷ்டியால் குத்திக்கொண்டே இருந்தான். அவன் அம்மா அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். இரண்டு நிமிடத்தில் கை மறுபடியும் தாடைக்குப் போய்விடும்.

உள்ளே வந்ததும் அவர் சொன்னார்: "நாலு நாளா இப்படித்தான் டாக்டரம்மா. கோவம் ஜாஸ்தியாயிடுச்சு. ராத்திரி தூங்கவே மாட்டேங்குறான். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்களேன்."

பையனுக்குப் பேச்சு கிடையாது. ஆட்டிசம் என்று மூன்றரை வயதிலேயே தெரியும். மனநல மருத்துவர் ஒருவர் ரிஸ்பெரிடோன் ஒரு மில்லிகிராம் எழுதியிருந்தார். நான் டார்ச்சை எடுத்தேன், தட்டிவிட்டான். நாக்கை அழுத்தும் குச்சியைக் காட்டினேன், வீறிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். கதவுக்கு வெளியே கூட்டம். நான் ஒன்றை ஒன்றரை ஆக்கி எழுதிக் கொடுத்தேன். அவன் வாயைப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் வலது கன்னம் வீங்கி, 103 டிகிரி காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழ்க் கடைவாய்ப்பல் அடியில் சீழ். தஞ்சாவூருக்கு அனுப்பி, மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லை எடுத்தார்கள். எடுத்த மறுநாளிலிருந்து அவன் தாடையில் குத்தவில்லை. பத்து நாள் அந்தக் குழந்தை எனக்குச் சரியான இடத்தைக் கையால் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறான். நான் அதைக் கோபம் என்று எழுதி வைத்திருந்தேன்.

இந்தப் பிழை எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு பெயரைச் சீட்டில் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அந்த உடம்பில் நடப்பதையெல்லாம் அந்தப் பெயரின் கணக்கிலேயே எழுதிவிடுவது மருத்துவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளை தலையை முட்டிக்கொண்டால் ஆட்டிசம், தூங்காவிட்டால் ஆட்டிசம், சாப்பிடாவிட்டால் ஆட்டிசம். பல்வலி, காதில் சீழ், கல்லாய் இறுகிய மலச்சிக்கல், நெஞ்சுவரை எகிறும் வயிற்று அமிலம், வலிப்பு இவையெல்லாம் மற்றப் பிள்ளைகளைப் போலவே இவர்களுக்கும் வரும். வலிப்பும் மலச்சிக்கலும் மற்றவர்களைவிட அதிகமாகவே வரும். திடீரென்று குணம் மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். காது, பல், தொண்டை, வயிறு, சிறுநீர். எதுவும் கிடைக்கவில்லை என்ற பிறகுதான் மாத்திரைச் சீட்டு. இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் பார்ப்பது எப்படி? டார்ச்சையே தட்டிவிடும் பிள்ளையை? அதற்கு வழி காட்டியது ஒரு மின்வெட்டு.

பல் எடுத்த பிறகு ஒரு மாதம் கழித்து அதே பையன் இருமலோடு வந்தான். வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு என் தலைக்கு மேலே பார்த்து அலறினான். கம்பவுண்டர் பிடிக்க வந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. விளக்கும் விசிறியும் நின்றன. பையன் கையைக் காதிலிருந்து எடுத்தான். அம்மா மெதுவாகச் சொன்னார்: "அந்த டியூப்லைட் சத்தம் நின்னுடுச்சு பாருங்க டாக்டரம்மா. வீட்டுலயும் அந்த லைட்டு போட விடமாட்டான்." பதினெட்டு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழைய சோக்கின் ரீங்காரம் எனக்குக் கேட்டதே இல்லை. எமர்ஜென்சி விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, அந்த அரையிருட்டில் அவன் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். சத்தமில்லாமல் நின்றான். மூச்சு முழுதும் கேட்டேன். அடுத்த வாரமே டியூப்லைட்டை மாற்றினேன். அந்த இடத்தில் எல்.இ.டி. விளக்கு.

வெளிச்சம், ஓசை, மணம், தொடுதல் இவை சிலருக்கு நமக்குப் படுவதைவிடப் பல மடங்காகப் படும். சிலருக்குக் குறைவாகப் படும். கண்டறியும் அளவுகோல்களில் இந்தப் புலன் வேறுபாடு வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டதே 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேட்டில்தான். தாய்மார்களுக்கு அது எத்தனையோ காலமாகத் தெரியும். நாம்தான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அவர்களைக் கேட்க ஆரம்பித்தேன். எதைக் கண்டால் பயப்படுவான், எதை வைத்துக்கொண்டால் சமாதானமாவான், வலித்தால் எப்படிக் காட்டுவான். இந்த மூன்றும் அவனுடைய நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு பெண் குழந்தை வலித்தால் சிரிக்கும். முதல் பக்கத்தில் அது எழுதியில்லையென்றால் எந்த டாக்டரும் அந்தச் சிரிப்பைப் பார்த்துத் திருப்தியாக அனுப்பிவிடுவார்.

ஸ்பிரிட் வாடை ஆகாத பிள்ளைகளுக்காகப் பஞ்சு டப்பாவை அடுத்த அறைக்கு மாற்றினோம். லேசாகத் தொடுவது பலருக்கு நெருப்பாக இருக்கும், உள்ளங்கையை அழுத்தமாகப் பதித்துத் தொட்டால் தாங்கிக்கொள்வார்கள். தொடும் முன் சொல்ல வேண்டும். "பத்து எண்ணுவேன். பத்து வந்ததும் எடுத்துடுவேன்" என்று சொல்லி, சத்தமாக எண்ணி, பத்தில் எடுத்துவிட வேண்டும். பத்தாவது எண்ணில் ஸ்டெதாஸ்கோப்பில் ஏதோ முணுமுணுப்பு காதில் விழுந்தாலும் எடுத்துவிட வேண்டும். மறுபடி கேட்டு, மறுபடி பத்து எண்ணலாம். ஒரு தடவை பதினொன்றுக்குப் போனால் அந்தப் பிள்ளை நம்மை ஒரு வருடம் நம்பாது.

"வலிக்காது" என்ற பொய்யையும் விட்டேன். "சுருக்குன்னு இருக்கும். மூணு எண்ணுற வரைக்கும்" என்றுதான் இப்போது சொல்கிறேன். ரத்தம் எடுக்க வேண்டுமானால், மரத்துப்போகும் களிம்பைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு மணி நேரம் முன்பு முழங்கை மடிப்பில் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

நம் ஊர்ப் பெஞ்சுகளில் பிள்ளைகளை அடக்க ஒரே வாசகம்தான்: "சேட்டை பண்ணினா டாக்டரம்மா ஊசி போட்டுடுவாங்க." இதை என் கிளினிக்கில் யாரும் சொல்லக் கூடாதென்று கம்பவுண்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பாட்டிமார்களிடம் அவர் அதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வார். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது மிரட்டல் அல்ல, தீர்ப்பு.

காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய சங்கடம். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத ஒரு மணி நேரம், பெரியவர்களுக்கே தாங்காது. கிளினிக் ஐந்து மணிக்குத் திறக்கும். செவ்வாயும் வெள்ளியும் நாலரைக்கே வந்து இவர்களைப் பார்க்கிறேன். மற்ற நாளில் அவசரமாக வந்தால் ஆட்டோவிலேயே புங்கமரத்தடியில் இருக்கச் சொல்லி, முறை வந்ததும் கம்பவுண்டர் போன் போடுகிறார். முதல் தடவை வரும் பிள்ளைக்கு, எங்கள் வாசல் கேட், செருப்பு விடும் இடம், பெஞ்சு, என் நாற்காலி, ஸ்டெதாஸ்கோப், என் முகம் என்று ஆறு போட்டோக்களை அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு முதல்நாளே அனுப்பிவிடுகிறோம். ராத்திரி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வருகிற குழந்தைகள் உண்டு. ஒரு சிறுமி உள்ளே வந்ததும் போட்டோவில் இருந்த நீலச் சட்டைக் காலண்டர்ச் சாமியைத் தேடினாள். அதற்குள் மாதம் மாறித் தாளைக் கிழித்துவிட்டிருந்தோம். அழுதாள். அன்றிலிருந்து காலண்டர் படாமல் போட்டோ எடுக்கிறோம்.

பெரியவர்களான பிறகு இவர்கள் எங்கே போகிறார்கள் என்ற கேள்வி எனக்கு வரவே பல ஆண்டுகள் பிடித்தன. ஆட்டிசம் என்றாலே குழந்தை முகம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது.

என்ஜினீயரிங் படிக்கும் ஒரு மாணவர் வயிற்றுவலி என்று வந்தார். பார்வை மேசை விளிம்பில் இருந்தது. எங்கள் தொழிலின் முதல் கேள்வியை நானும் கேட்டேன்: "என்ன பண்ணுது?"

"எது மேடம்?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே எது என்று தெரியாமல் கேட்டார். "வயித்துல வலிக்குதா?" என்றேன். "இல்லை." "அப்போ எதுக்கு வந்தீங்க?" "வயிற்றுவலிக்கு." அந்த நிமிடத்தில் வலி இல்லை, அதனால் இல்லை என்றார். இதற்கு முன் இரண்டு இடத்தில் இதே பதிலைச் சொல்லி ஜெலுசிலோடு திரும்பியிருக்கிறார். நான் ஒரு தாளைக் கொடுத்து, "வலி எப்ப வருது, எப்ப போகுது, அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க, எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வாங்க" என்றேன். மூன்றாம் நாள் கட்டம் போட்டு எழுதிக் கொண்டுவந்தார். சாப்பிட்டு இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வலி. இரவு 2.10, 2.25, 2.05. பிஸ்கட் சாப்பிட்டால் பத்து நிமிடத்தில் குறைகிறது. பாடப்புத்தகம்கூட முன்சிறுகுடல் புண்ணை இவ்வளவு துல்லியமாக எழுதியதில்லை. என்டோஸ்கோப்பியில் புண் இருந்தது. மருந்தில் ஆறியது.

இன்னொருவர், தன் மூன்று வயது மகனுக்காக என் எதிரில் உட்கார்ந்திருந்த தாய், வயது முப்பத்து நாலு. அறிகுறிகளை நான் சொல்லச் சொல்ல அவர் பையனைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். "இதெல்லாம் எனக்கும் உண்டு டாக்டரம்மா" என்றார். பள்ளியில் யாரோடும் பேசாமல் இருந்ததற்கு அவருக்குக் கிடைத்த பெயர் அடக்கமான பொண்ணு. அமெரிக்காவில் லியோ கானர் 1943-இல் முதன்முதலாக விவரித்த 11 குழந்தைகளில் பெண்கள் 3 பேர்தான். பெண்களுக்கு வருவது குறைவு என்று நாங்கள் படித்தோம். குறைவுதான், ஆனால் நாம் நினைத்த அளவுக்குக் குறைவில்லை. வாய் திறக்காத பெண்ணை மெச்சுகிற வீட்டில் அது யார் கண்ணிலும் படாது.

கானர் பெயரைச் சொன்னதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாசம் காட்டாத தாயால் ஆட்டிசம் வருகிறது என்ற, அவர் எழுத்தும் வலுவூட்டிய கொடிய எண்ணம் மேல்நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் கோலோச்சியது. அதை உடைத்ததில் பெரும் பங்கு, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் எழுதிய புத்தகத்துக்கு உண்டு. நம் ஊரில் அந்தக் கதை வேறு உருவத்தில் இன்றும் இருக்கிறது. மருமகள் வேலைக்குப் போனதால் வந்தது, கிரகணத்தில் வெளியே வந்ததால் வந்தது, செல்போன் காட்டிச் சோறு ஊட்டியதால் வந்தது. மாமியார், கணவர், நாத்தனார் எல்லோரும் இருக்கும்போது, மூன்று தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், "இது இவ செஞ்ச தப்பு இல்ல. பிறக்கும்போதே மூளை வளர்ற விதத்துல இருக்குற வித்தியாசம்" என்று சத்தமாகச் சொன்னால் அந்த வீட்டில் அது செல்லும். பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் சொன்னால்கூட அந்த அளவுக்குச் செல்லாது. மருந்துச் சீட்டைவிட இதை முக்கியமாக நினைக்கிறேன்.

பயத்துக்கும் இதே கதைதான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் ஆயிரம் குரல். ஆட்டிசம் உள்ள மூத்த பையனின் தாய், இளைய மகளுக்கு ஊசி போட மறுத்துவிட்டார். "அண்ணனுக்கு ஊசி போட்டப்புறந்தான் பேச்சு நின்னுது." நான் சண்டை போடவில்லை. ஒன்றரை வயதை ஒட்டித்தான் சில பிள்ளைகளுக்குப் பேசிய வார்த்தை குறையும், ஊசியும் அந்த வயதில்தான் வரும் என்று நாள்காட்டியை வைத்துச் சொன்னேன். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-இல் லான்செட்டில் வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து. 2010-இல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் அவர் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இதைச் சொல்ல மூன்று தடவை வரவழைத்தேன். மூன்றாம் தடவை மகளோடு வந்தார்.

பயத்தை விற்கிறவர்கள் போல, நம்பிக்கையை விற்கிறவர்களும் உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சைக்காக இரண்டு மா நிலத்தை விற்ற குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்டுவிட்டுப் போயிருந்தால் நிலம் மிஞ்சியிருக்கும். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் சொல்லிவிட்டது. பணம் கட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் சந்திப்பு சீக்கிரம் நடந்தால் நல்லது. ஆனால் தாமதம் பண்ணுவது பெரும்பாலும் நாங்கள்தான். "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று நானும் சொல்லியனுப்பியிருக்கிறேன். இப்போது ஒன்றரை வயது ஊசிக்கு வரும் பிள்ளையிடம் பேச்சை மட்டும் கேட்பதில்லை. "நிலாவைக் காட்டுதா?" என்று கேட்கிறேன். நிலாவைப் பார்த்துச் சுட்டுவிரலை நீட்டி, உடனே திரும்பி, நீயும் பார்க்கிறாயா என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும் அல்லவா, அது வந்திருக்கிறதா? பெயர் சொன்னால் திரும்புகிறதா? இல்லையென்றால் முதலில் காது பரிசோதனை. கூடவே எம்-சாட் என்ற 20 கேள்விகள், 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரை கேட்கலாம், பத்து நிமிட வேலை. சந்தேகம் வந்தால் அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு. நோயின் பெயர் உறுதியாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

காகித வேலையும் எங்களுடையதுதான். 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசமே இல்லை. அந்தப் பல்வலிப் பையனுக்கு அன்று மனவளர்ச்சி குன்றியவர் என்றுதான் சான்றிதழ், அதற்கும் காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போக வேண்டும். பஸ்ஸில் அவன் பட்ட பாட்டை அவன் அம்மா இன்றும் சொல்வார். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. 2020 டிசம்பரில் எங்கள் மாயவரம், மயிலாடுதுறை என்ற பெயரில் தனி மாவட்டமாகி, நாகப்பட்டினப் பயணமும் போயிற்று. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. இது தெரியாத குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. பதினெட்டு வயது ஆகும்போது சட்டப் பாதுகாவலர் வேண்டுமா என்று கலெக்டர் தலைமையிலான குழுவை அணுகுவதையும் குடும்ப டாக்டர்தான் நினைவூட்ட வேண்டும். வேறு யார் அந்தப் பிள்ளையின் பிறந்த தேதியை நோட்டில் வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு பழக்கம் அந்தத் தஞ்சாவூர் அனுபவத்தில் வந்தது. எதற்காவது மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்களென்றால், அந்த ஒரே மயக்கத்தில் ரத்தம் எடுப்பது, காது அழுக்கு எடுப்பது, மற்றப் பற்களைப் பார்ப்பது எல்லாம் முடித்துவிடுங்கள் என்று கடிதத்தில் எழுதி அனுப்புகிறேன். பல ஆஸ்பத்திரிகளில் மறுக்காமல் செய்கிறார்கள். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளையைப் பார்த்து முடித்ததும் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பதும் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பையனின் அம்மாவுக்கு ஒரு நாள் சும்மா பிபி பார்த்தேன். 170/100. எத்தனை நாளாகத் தலைவலி என்றேன். "அவன் தூங்குனாத்தானே டாக்டரம்மா நான் தூங்க" என்றார். பத்து வருடமாக மாதம் ஒரு முறை என் எதிரில் உட்கார்ந்த பெண். நான் ஒரு தடவைகூட அவர் கையில் பட்டையைச் சுற்றியதில்லை. இப்போது செவ்வாய், வெள்ளி வரும் எல்லா அம்மாக்களுக்கும், கூட வந்தால் அப்பாக்களுக்கும், பிபியும் சர்க்கரையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். கம்பவுண்டர்தான் பார்க்கிறார். பிள்ளை என்னிடம் இருக்கிற நேரத்தில் அது முடிந்துவிடும்.

என் துறையில் இருக்கிற இளம் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு நாள், கிளினிக் திறப்பதற்கு முன்னால் அரை மணி நேரம். அதை ஒதுக்கிவிட்டு, இன்ன நாள் வரலாம் என்று உங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளிக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள். அவர்களே வருவார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது. பேச்சு வரவில்லை. டேப்லெட் திரையில் படத்தைத் தொட்டு வேண்டியதைச் சொல்கிறான். உள்ளே வந்ததும் நான் கேட்கும் முன்பே நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டுகிறான், பத்து எண்ணும்வரை. அவனுடைய நோட்டின் முதல் பக்கத்தில், அந்த 2014-ஆம் ஆண்டில் சிவப்பு மையில் "பல்லைப் பார்" என்று எழுதி வைத்தேன். நோட்டு தீர்ந்து தீர்ந்து இது மூன்றாவது. போன மாதம் மாற்றியபோது, நான் சொல்லாமலே கம்பவுண்டர் முதல் பக்கத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்.